உரிமை கோருவார் இல்லாத கேழ்வரகு

புதிதாக நடுவர் பொறுப்பேற்றிருக்கும் உங்களிடம் பேச அழைத்தபோது, தீர்ப்பு எழுதும் முறையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு அலுத்துப்போன விஷயம் அது. பத்தி பிரித்து எழுதுங்கள். தட்டச்சு ஆனதை ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாட்சி விசாரணையில் கண் செருகினால் கூச்சப்படாமல் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. அரசாங்கம் அவசர உத்தரவு போடுகிற காலம் உங்கள் பணியிலும் ஒருநாள் வரும். பஞ்சமோ, கொள்ளை நோயோ, வெள்ளமோ, ஏதோ ஒன்று. நேற்றுவரை யாரும் தப்பென்று நினைக்காத காரியம் இன்று குற்றமாகிவிடும். அதைச் செய்தவர்கள் உங்கள் முன்னால் வரிசையாக வந்து நிற்பார்கள். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக வரும். கடுமையாக நடந்து பெயர் வாங்கலாம் என்று அப்போது ஒரு சபலம் தட்டும். அதைப் பற்றி உங்களை எல்லோரும் எச்சரித்துவிடுவார்கள். இரக்கம் காட்டிப் பெயர் வாங்கலாம் என்று இன்னொரு சபலமும் தட்டும், அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். என்னை விழுங்கியது இந்த இரண்டாவதுதான்.

எழுபதுகளின் நடுவில் சேலத்தில் மாஜிஸ்திரேட்டாக இருந்தேன். முப்பதைத் தாண்டிய வயது, புது கவுன், புத்தகத்தில் இருப்பதெல்லாம் தலைக்குள் இருக்கிறது என்ற நினைப்பு. மழை சுத்தமாகப் பொய்த்திருந்தது. ரேஷன் கடை வாசலில் விடியும் முன்பே ஆட்கள் பையைப் போட்டு இடம் பிடித்தார்கள். அரிசியும் கேழ்வரகும் பதுக்கலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதனால் ஓர் உத்தரவு வந்தது. தாசில்தாரிடம் அனுமதிச் சீட்டு வாங்காமல், ஓர் ஆள் தன் ஊரிலிருந்து வேறு ஊருக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தானியம் கொண்டுபோகக் கூடாது. மீறினால் தானியம் பறிமுதல். கொண்டுபோனவருக்குக் கட்டாயம் சிறை. அபராதத்தோடு விட்டுவிடும் அதிகாரம் நடுவருக்குக் கிடையாது.

அந்த உத்தரவை அநியாயம் என்று சொல்லமாட்டேன். பசியைப் பார்த்துப் போட்ட உத்தரவு அது. எங்கள் வீட்டிலேயே ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சிதான்.

முதலில் வந்த பெரிய வழக்கு சமவெளி வியாபாரி ஒருவருடையது. லாரி நிறைய அரிசி மூட்டைகளோடு பிடிபட்டார். நீதிமன்றத்துக்கு வரும்போது வக்கீல்கள் புடைசூழ வந்தார். அவரோடு அண்ணன், தம்பி, மாமன், மச்சான், சித்தப்பா மகன் என்று ஒரு பட்டாளமே வந்தது. இந்த மூட்டை என்னுடையது, அந்த மூட்டை என்னுடையது என்று ஆளுக்கொன்றைக் கூசாமல் சொந்தம் கொண்டாடினார்கள். அப்படிப் பிரித்தால் ஆளுக்கு வந்தது அனுமதித்த அளவுக்குள். பொய் என்று எனக்குத் தெரியும், அரசு வக்கீலுக்குத் தெரியும், வாசலில் டீ விற்றவருக்கும் தெரியும். அதை உடைக்கத்தான் சாட்சி இல்லை. விடுதலை செய்தேன். லாரி அப்படியே கிளம்பிப் போயிற்று. அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரம் ஏற்காட்டில் முகாம். மலை வழக்குகளை அப்போது நாங்களே மேலே போய், ஓர் அலுவலகக் கூடத்தில் மேசை போட்டு விசாரிப்போம். கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் பாதி வழியிலேயே நீதித்துறையின் கௌரவம் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். அன்றும் வெளிறிய முகத்தோடுதான் மேசையில் உட்கார்ந்தேன்.

குற்றம் சாட்டப்பட்டு எதிரே நின்றவர்கள் மாரமங்கலம் பக்கத்து மலைக் கவுண்டர்கள், ஏழெட்டு ஆண்கள். முதல் எதிரியின் பெயர் வெள்ளையன். அவருக்குத்தான் கல்யாணம். மஞ்சக்குட்டைப் பக்கம் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கேழ்வரகு கொடுப்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக் காட்டில் விளைந்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது, அதற்குப் பதில் பணமும் ஆகாது. விளைச்சல் கருகிப்போன அந்த வருஷத்தில் இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்துக் கூடைகளில் நிரப்பி, தலையில் சுமந்து, மேளத்தோடு நடந்து வந்திருக்கிறார்கள். ஒண்டிக்கடை முக்குக்கு வந்ததும் சோதனைக் குழு மறித்துவிட்டது. கூடைகள் எல்லாம் சேர்ந்தால் அனுமதித்த அளவைப் போல் பல மடங்கு. கேழ்வரகு பறிமுதல், ஆட்கள் மேல் வழக்கு.

சட்டப்படி பார்த்தால் அவர்கள் தப்பிக்க வழி கண்ணெதிரே இருந்தது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு கூடையும் அளவுக்குள் அடங்கும். இது என் வீட்டுக் கேழ்வரகு என்று ஒவ்வொருவரும் சொன்னால் போதும், குற்றமே இல்லை. கேழ்வரகையும் தூக்கிக்கொண்டு போகலாம். அவர்களுக்காகக் காசு வாங்காமல் வந்திருந்த இளம் வக்கீல் இதை வெளியே வைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அவர் மூச்சுக் கட்டிச் சொன்னது என் காதிலேயே விழுந்தது, நான் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

வெள்ளையனைப் பார்த்துக் கேட்டேன். "இந்தக் கூடை உங்களுதுங்களா?"

"இல்லீங்க."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"பின்னே யாருது?"

"பரிசத் தானியமுங்க."

"பரிசம் குடுக்கிறவர் நீங்கதானுங்களே?"

"அளக்கற வரைக்கும் எங்குளுதுங்க. அளந்தாச்சுங்க."

"அப்போ பொண்ணு ஊட்டுக்காரங்களுதா?"

"அவங்க இன்னும் அளந்து வாங்கலீங்களே."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். அவர்கள் வழக்கத்தில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில் அளந்துவிட்ட பரிசத் தானியத்தைப் பிறகு யாரும் என்னுடையது என்று சொல்லக் கூடாது. விளையாட்டுக்குச் சொன்னாலும் பெண்ணைத் திருப்பி அனுப்பியதாக ஆகிவிடும். கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மனிதர்கள் சிறைவாசலில் நின்றுகொண்டு உண்மை பேசினார்கள். போன வாரம் அந்தப் பட்டாளம் பேசிய பேச்சு என் காதில் இன்னும் இருந்ததால், எனக்கு இவர்கள் மேல் ஒரேயடியாக மனது இளகிவிட்டது.

அரசு வக்கீல் எழுந்தார். கெட்டவர் இல்லை, வேலையில் கறார். "ஒரே இடத்துக்கு, ஒரே காரியத்துக்கு, ஒரே கூட்டமாகப் போயிருக்கிறார்கள். இவர்களை அனுப்பியது யார் என்று தெரிந்தால் மொத்த அளவுக்கும் அவர்தான் பொறுப்பு" என்றார்.

அந்த நேரத்தில்தான் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். வெள்ளைத் தலைப்பாகை, தோளில் கம்பளி. அவர்தான் மாரமங்கலம் பக்கத்து அந்த ஊரின் ஊர்க்கவுண்டர். கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"ஐயா, அளந்து குடுத்தவன் நானுங்க. பொறுப்பு என்னுதுங்க. எனக்கு என்ன தண்டன உண்டோ..."

அரசு வக்கீலின் முகம் மலர்ந்தது. "இதைப் பதிவு செய்ய வேண்டும்" என்றார். அந்த வார்த்தைகள் பதிவேறிவிட்டால் அவர் எதிரி. மொத்தக் கேழ்வரகையும் அனுமதி இல்லாமல் அனுப்பிய ஆள். கட்டாயச் சிறை. நான் விரும்பினாலும் குறைக்க முடியாது. எழுபதை நெருங்கும் கிழவரைச் சேலம் ஜெயிலுக்கு அனுப்ப நானே கையெழுத்துப் போட வேண்டும். யோசிக்க நேரமில்லை. எழுத்தர் பேனாவைத் தாளில் வைப்பதற்குள் சொன்னேன்.

"உக்காருங்க பெரியவரே. உங்களை இங்க யாரும் கேக்கலீங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார். "இன்னொரு வார்த்தை பேசினா வெளியே அனுப்பவேண்டி வரும். உக்காருங்க" என்று குரலை உயர்த்தினேன். அவர் பக்கத்தில் இருந்த இன்னொரு முதியவரை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

அவர் எதிரியும் இல்லை, சாட்சியும் இல்லை, எனவே அவர் பேச்சு பதிவுக்கு வராது என்று அரசு வக்கீலுக்குச் சொன்னேன். அவர் முணுமுணுத்தபடி விட்டுவிட்டார். அன்றே உத்தரவு போட்டேன். அனுப்பியது யார் என்று பதிவில் இல்லை, எதிரிகள் ஒவ்வொருவரும் சுமந்தது அனுமதித்த அளவுக்குள், எனவே விடுதலை. கைப்பற்றிய கேழ்வரகுக்கு உரிமை கோருவார் யாரும் இல்லை, எனவே அரசுக்குச் சேர்த்து நியாயவிலைக் கடைக்கு அனுப்ப வேண்டியது. யாருக்கும் சிறை இல்லை, பசித்தவருக்குத் தானியம். அந்த உத்தரவில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இறங்கும்போது வளைவுகளில் வயிறு புரளவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். "கேழ்வரகு போச்சே, கல்யாணம் என்ன ஆகும்?" என்று அவள் கேட்டாள். "ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சாங்களே, கல்யாணத்த அவங்க பாத்துக்குவாங்க" என்றேன்.

மறுவருஷம் மரம் வெட்டிய தகராறு ஒன்றில் இடத்தை நேரில் பார்க்க மாரமங்கலம் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் ஜீப் கிளம்பவில்லை. டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். வெயில் தாங்காமல் பக்கத்தில் ஒரு வீட்டு நிழலில் ஒதுங்கினேன். வாசலில் மிளகு காயப் போட்டிருந்தது. அதைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வெள்ளையன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு முண்டாசை அவிழ்த்தார். எனக்குச் சந்தோஷம். நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்திருப்பேன். "கல்யாணம் ஆச்சுங்களா?" என்று உரிமையோடு கேட்டேன்.

"இல்லீங்க" என்றார். "காபித் தண்ணி கொண்டாறனுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

உள்ளேயிருந்து பெரியவர் வந்தார். அதே கம்பளி, தலைப்பாகை இல்லை. அது அவர் வீடு. வெள்ளையன் அங்கே வேலைக்கு வந்திருந்தார். எனக்குக் கட்டில் போட்டுவிட்டுப் பெரியவர் தரையில் உட்காரப் போனார். நான் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"ஊர்க்கவுண்டர் எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"இப்ப நான் கவுண்டன் இல்லீங்க. தம்பி மகன் பாக்கறானுங்க."

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது."

அதற்கு மேல் அவராகச் சொல்லவில்லை. நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். கேள்வி கேட்டே பழகிய தொழில் இல்லையா. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், குறை சொல்லும் தொனியே இல்லாமல்.

"பரிசத்த அளந்து குடுத்தவன் போய்ச் சேத்து வெக்கோணுமுங்க. வழியில கெட்டுப்போச்சுன்னா அளந்தவன் ஈடு குடுக்கோணும். தானியம் இருந்தாத் தானியம். இல்லாட்டி ஒடம்பால கஷ்டப்பட்டுக் கழிக்கோணும். எங்கப்பாரு காலத்துல அப்பிடித்தானுங்க, ஆத்துத் தண்ணியில பரிசம் போயிருச்சுன்னு அளந்த கவுண்டன் பொண்ணூட்டுல ஒரு வெள்ளாம முழுக்கப் பாடுபட்டுட்டு வந்தாரு. தானியம் வந்து சேந்ததுன்னு கணக்கு வெச்சுக் கல்யாணத்த முடிச்சாங்க."

"அந்த வருஷம் உங்ககிட்ட ஈடு குடுக்கத் தானியம் இல்லே."

"ஒரு குருணை இல்லீங்க. அதுக்குத்தான் நானும் பொண்ணூருக் கவுண்டரும் பேசி வெச்சுக்கிட்டு வந்தோம். அன்னைக்கு எம் பக்கத்துல உக்காந்திருந்தாரே, அவருதானுங்க. 'நீ செயிலுக்குப் போயிட்டு வா, அதையே ஈடா எடுத்துக்கறோம், பொண்ணு உங்குளுது'ன்னு ஒத்துக்கிட்டாரு. எனக்கு நொம்ப நிம்மதியாப் போச்சு. ஊட்டுல துணிகூட எடுத்து வெச்சிருந்தேனுங்க."

வெள்ளையன் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி மிளகைக் கிளறப் போனார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்டிருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் கேட்டேன். "ஜெயில் இல்லேன்னு ஆனப்புறம், முன்ன மாதிரி பொண்ணு ஊட்டுல போய்ப் பாடுபட்டுக் கழிச்சிருக்கலாமில்லீங்களா?"

"கேட்டேனுங்க. எங்க வழக்கத்துல பொறுப்பு என்னுதுன்னு சபையில எந்திரிச்சவன் சொல்லி முடிக்காம உக்காரக் கூடாதுங்க. உக்காந்தா சொல்லத் திருப்பி எடுத்துக்கிட்டான்னு அர்த்தம். அவன் மறுபடி ஈடு சொன்னாச் செல்லாது. அவனுக்குக் கவுண்டப் பட்டமும் செல்லாது. பொண்ணூருக்காரங்க நல்லவங்கதானுங்க. மறு வெள்ளாம வரைக்கும் பொறுத்துப் பாத்தாங்க. அதுவும் கருகிப்போச்சு. வயசுப் பொண்ண எத்தன நாளுக்கு வெச்சிருப்பாங்க? கல்ராயன் மலைப் பக்கம் குடுத்துட்டாங்க."

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கிழவரைச் சிறைக்கு அனுப்பியிருப்பேனா? அனுப்பினால் அது நீதியா? இத்தனை வருஷம் புரட்டிப் பார்த்தும் விடை வரவில்லை, நீங்களும் இப்போதே விடை சொல்ல வராதீர்கள். எனக்கு ஆறாதது அந்த முடிவு அல்ல. ஒரு மனிதர் தண்டனையை ஏற்க எழுந்து நின்றார். அவர் எதற்காக எழுந்தார் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். குற்றவாளியாகிவிடுவாரே என்று பயந்தேன், அவருக்கு அந்தப் பயம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. லாரி வியாபாரியின் சித்தப்பா மகன் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டவன் நான். இவரை ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடவில்லை. என் தீர்ப்புகளில் மேல் நீதிமன்றம் தூக்கி எறிந்தவை நிறைய உண்டு, அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இந்த உத்தரவின் மேல் மட்டும் யாரும் முறையீடு செய்யவில்லை. விடுதலை ஆனவர்கள் எதற்கு முறையிடப் போகிறார்கள்? அவசர காலத்து வழக்குகளில் கடுமையாக இருக்க நேரம் எடுத்துக்கொள்கிற மாதிரி, இரங்கவும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிஷம் போதும்.

பெரியவர் சொல்லி முடித்தபோது ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய சண்டைக்காரனைப் போல் கேட்டேன். "உங்களைக் காப்பாத்தறதா நெனச்சுத்தானுங்க உக்காரச் சொன்னேன். இத்தனை விஷயம் இருக்குதுன்னு அன்னைக்கு யாராவது ஒருத்தர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அன்று நீதிமன்றத்தில் ஐயா என்ற பெரியவர், இப்போது தன் பேரனிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"அதச் சொல்லத்தான் சாமி எந்திரிச்சேன்."